நீரேறிய யுரேனியம் பாஸ்பேட் கனிமங்கள்: எப்படி உருவாகின்றன, ஏன் ஒளிர்கின்றன, ஏன் உதிர்கின்றன

கேள்வி இது: ஆட்டுனைட், டார்பெர்னைட் போன்ற யுரேனியம் பாஸ்பேட் கனிமங்கள் எங்கே, எப்படி உருவாகின்றன? ஒன்று புற ஊதா விளக்கில் பளிச்சென்று ஒளிரும்போது இன்னொன்று ஏன் இருட்டாகவே இருக்கிறது? அருங்காட்சியகப் பெட்டியில் இருக்கும் டார்பெர்னைட் மாதிரிகளில் பலவற்றுக்கு 'மெட்டாடார்பெர்னைட்' என்று சீட்டு ஒட்டியிருப்பது எதனால்?

மூன்றும் தனித்தனிக் கேள்விகள்போலத் தெரிந்தாலும், இந்தக் கனிமங்களின் உள்கட்டமைப்பைப் புரிந்துகொண்டால் மூன்றுக்கும் பெருமளவு விடை கிடைத்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

யுரேனியம் ஆக்சிஜன் நிறைந்த சூழலுக்கு வந்ததும் ஆறு இணைதிறன் நிலைக்குப் போய்விடும். அந்த நிலையில் அது தனி அயனியாக இருப்பதில்லை. இரண்டு ஆக்சிஜன் அணுக்களை எதிரெதிர்ப் பக்கங்களில் இறுகப் பிடித்துக்கொண்டு, நேர்க்கோடான ஒரு குட்டித் தண்டாகிவிடும். இதுதான் யுரேனைல். தண்டின் இரு முனைகளிலும் உள்ள ஆக்சிஜன்கள் யுரேனியத்திலிருந்து சுமார் 0.18 நானோமீட்டர் தூரத்தில்தான் இருக்கும். பிணைப்பு அவ்வளவு வலுவானது என்பதால் அந்த ஆக்சிஜன்களுக்கு வேறு எதனுடனும் சேர்வதில் பெரிய நாட்டம் கிடையாது. யுரேனியம் புதிதாகக் கைகோக்க வேண்டுமென்றால் தண்டின் இடுப்புப் பக்கமாகத்தான் கோக்க முடியும்.

ஆட்டுனைட் குடும்பத்தில் அந்த இடுப்பைச் சுற்றி நான்கு ஆக்சிஜன்கள் அமர்கின்றன. நான்கும் நான்கு வெவ்வேறு பாஸ்பேட் நான்முகிகளைச் சேர்ந்தவை. ஒவ்வொரு பாஸ்பேட்டும் தன் பங்குக்கு நான்கு யுரேனைல்களைத் தொடுகிறது. மேலிருந்து பார்த்தால் சதுரங்கப் பலகையின் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் மாதிரி யுரேனியமும் பாஸ்பரசும் மாறி மாறி நிற்கும். இப்படி ஒரு தாள் இரு திசைகளில் விரிந்துகொண்டே போகும். மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருப்பவை யுரேனைலின் நாட்டமில்லாத ஆக்சிஜன்கள் என்பதால், ஒரு தாள் அடுத்த தாளோடு நேரடியாக ஒட்டுவதில்லை.

சரி, அப்படியானால் தாள்களைச் சேர்த்துப் பிடிப்பது எது? தாளுக்கு எதிர் மின்னூட்டம் உண்டு. அதை ஈடுகட்ட, இரண்டு தாள்களுக்கு நடுவில் ஒரு நேர் அயனி வந்து அமர வேண்டும். அது கால்சியமாக இருந்தால் ஆட்டுனைட், தாமிரமாக இருந்தால் டார்பெர்னைட், மக்னீசியமாக இருந்தால் சலேயைட், பேரியமாக இருந்தால் யுரேனோசிர்சைட், இரும்பாக இருந்தால் பாசெட்டைட். உலோகம் எதுவும் கிடைக்காமல் வெறும் ஹைட்ரோனியம் அயனியே (ஒரு புரோட்டானை ஏற்ற நீர் மூலக்கூறு) அந்த இடத்தை நிரப்பினால் செர்னிகோவைட். இந்த அயனிகள் யாவும் தண்ணீர் மூலக்கூறுகளைப் போர்த்திக்கொண்டுதான் அமர்கின்றன. டார்பெர்னைட்டில் ஒரு தாமிரத்துக்கு 12 நீர் மூலக்கூறுகள். ஆனால் தாமிரம் நேரடியாகப் பிடித்திருப்பவை நான்குதான். மீதி எட்டும் ஒன்றையொன்றும் தாளின் ஆக்சிஜன்களையும் ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றிக்கொண்டு இடையில் நிற்கின்றன. இந்த எட்டு நீரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தாள் உறுதியானது, தாள்களுக்கு நடுவே இருப்பது நெகிழ்வானது. இந்தக் கனிமங்களைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். பாடநூல்கள் தரும் 'இயற்பியல் பண்புகள்' பட்டியலில் பாதிக்கு மேல் இதிலிருந்து தானாக வருபவை. படிகங்கள் சதுரமான மெல்லிய தகடுகளாக வளர்வதும், மைக்காபோல ஒரே திசையில் சுத்தமாகப் பிளவதும், முத்துப்போன்ற மினுமினுப்பும் தாள் அமைப்பின் விளைவு. பழைய கனிமவியலாளர்கள் இவற்றை யுரேனியம் மைக்கா என்றே அழைத்தார்கள். மோஸ் அளவில் கடினத்தன்மை 2 முதல் 2.5 வரைதான், நகமே கீறிவிடும். எடையில் ஏறக்குறையப் பாதி யுரேனியம், இருந்தும் ஆட்டுனைட்டின் அடர்த்தி 3.1 பக்கத்தில்தான் நிற்கிறது. யுரேனியத்தின் முக்கிய ஆக்சைடுத் தாதுவான யுரேனினைட்டின் அடர்த்தியில் இது மூன்றில் ஒரு பங்கு அளவுதான். காரணம், தாள்களுக்கு நடுவே அவ்வளவு இடத்தைத் தண்ணீர் எடுத்துக்கொண்டிருக்கிறது.

இனி அந்த 'மெட்டா' சீட்டுக்கு வருகிறேன்.

ஈரமான பாறைப் பிளவிலிருந்து எடுத்த டார்பெர்னைட் தகட்டை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் பச்சைக் கண்ணாடிச் சில்லு போலத் தெளிவாக இருக்கும், ஓரங்கள் வெட்டி வைத்ததுபோல நேராக இருக்கும். வறண்ட அறையில் சில காலம் இருந்த தகடு அப்படி இருக்காது. உள்ளே பிளவுத் தளத்துக்கு இணையாக வெள்ளிக்கீற்றுகள் ஓடும், தெளிவு மங்கி ஒளி ஊடுருவாத பச்சையாகிவிடும், ஓரங்களில் மெல்லிய செதில்கள் எழும்பி நிற்கும். நடந்தது இதுதான்: அந்த எட்டு நீரில் நான்கு வெளியேறிவிட்டது. 12 நீர் 8 ஆனது. இதுதான் மெட்டாடார்பெர்னைட். ஆட்டுனைட்டிலும் இதே கதைதான், 10 முதல் 12 வரை இருந்த நீர் 6 முதல் 8 வரை குறைந்து மெட்டா-ஆட்டுனைட் ஆகிறது. தாளுக்குத் தாள் உள்ள தூரம் ஆட்டுனைட்டில் சுமார் 1.04 நானோமீட்டர், மெட்டா-ஆட்டுனைட்டில் சுமார் 0.85. படிகத்தின் தடிமனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்று அர்த்தம். அந்தச் சுருக்கம் எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் நடப்பதில்லை. ஓரம் முதலில் சுருங்கும், நடுப்பகுதி பின்தங்கும். அதனால்தான் படிகம் செதில் செதிலாக உதிர்கிறது. பிறகு ஈரப்பதத்தில் வைத்தால்கூட உடைந்த படிகம் பழைய உருவத்துக்குத் திரும்பாது.

ஆக, அலமாரியில் இருக்கும் 'டார்பெர்னைட்' பலவும் வடிவத்தால் மட்டுமே டார்பெர்னைட். உள்ளே இருப்பது மெட்டாடார்பெர்னைட். சீட்டை மாற்றி எழுதியவர்கள் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். ஆய்வகத்தில் சிறு பொடியை எக்ஸ் கதிரில் வைத்து அந்தத் தாள் இடைவெளியை அளந்துவிட்டால் எந்த நிலையில் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லிவிடலாம்.

நடுவே இருப்பது நெகிழ்வானது என்பதற்கு வேறு பலன்களும் உண்டு. அங்கே இருக்கும் அயனியை வேறு அயனியால் மாற்ற முடியும். பொருத்தமான உப்புக் கரைசலில் இட்டால், தாள் கலையாமலே உள்ளிருக்கும் அயனி மாறிவிடும். செர்னிகோவைட்டின் வேதிக் கூட்டுள்ள செயற்கைப் பொருளில் புரோட்டான்கள் நீர் அடுக்கு வழியாக ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி ஓடுகின்றன. அறை வெப்பநிலையிலேயே புரோட்டானைக் கடத்தும் திடப்பொருள் என்பதால் 1970களிலிருந்து மின்வேதியியலாளர்கள் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். தாளிலும் ஓரளவு மாற்றம் நடக்கும். பாஸ்பேட் இருக்கும் இடத்தில் ஆர்சனேட் வந்தால், தாமிரக் கனிமம் சியூனரைட் ஆகும். அதுவும் பச்சைத் தகடுதான், வெறும் கண்ணால் டார்பெர்னைட்டிலிருந்து பிரித்தறிவது கடினம்.

ஒளிர்வு விஷயம். யுரேனைல் தண்டு நீல ஒளியையும் புற ஊதாவையும் விழுங்கும். அதனால்தான் ஆட்டுனைட் மஞ்சளாகத் தெரிகிறது. விழுங்கிய ஆற்றலைக் கொஞ்ச நேரம் வைத்திருந்து, பச்சை ஒளியாகத் திருப்பிவிடுகிறது. நிறமாலையில் இது ஒரே பட்டையாக வராது. சுமார் 500, 525, 550 நானோமீட்டர் என்று படிப்படியாகச் சில பட்டைகளாக வரும். படிகளுக்கு இடையே உள்ள ஆற்றல் வேறுபாடு, யுரேனைல் தண்டு நீண்டு சுருங்கி அதிர்வதன் ஆற்றலோடு பொருந்துகிறது. ஆட்டுனைட்டின் ஒளிர்வு மிகவும் தீவிரமானது, பகல் வெளிச்சத்திலேயே மஞ்சளுக்குள் ஒரு பச்சைச் சாயல் தெரியும்.

டார்பெர்னைட்டிலும் அதே யுரேனைல்தான் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் தாமிர அயனி நிற்கிறது. யுரேனைல் வைத்திருக்கும் ஆற்றலைத் தாமிரம் வாங்கிக்கொண்டு வெப்பமாகக் கரைத்துவிடுகிறது. ஒளியாக வெளியே வர எதுவும் மிஞ்சுவதில்லை. இரும்பும் இதையே செய்யும், அதனால் பாசெட்டைட்டும் ஒளிராது. கால்சியம், மக்னீசியம், பேரியம் ஆகியவற்றுக்கு அப்படி ஆற்றலை வாங்கும் வழியே இல்லை. அதனால் ஆட்டுனைட், சலேயைட், யுரேனோசிர்சைட் மூன்றும் ஒளிர்கின்றன. ஆகவே, புற ஊதா விளக்கில் ஒளிரவில்லை என்பதை வைத்து யுரேனியம் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். களத்தில் இந்தத் தவறு சுலபமாக நேரும்.

இனி முக்கியமான கேள்வி, உருவாக்கம். இங்குதான் இந்தக் கனிமங்கள் எனக்கு மிகவும் பிடித்தவையாகின்றன.

ஆழத்தில், ஆக்சிஜன் இல்லாத இடத்தில், யுரேனியம் நான்கு இணைதிறன் நிலையில் யுரேனினைட்டாக இருக்கும். அந்த நிலையில் தண்ணீரில் கிட்டத்தட்டக் கரையாது. மழைநீர் ஆக்சிஜனைச் சுமந்துகொண்டு பிளவுகள் வழியே இறங்கும்போது நிலைமை மாறுகிறது. யுரேனியம் யுரேனைலாகி நீரில் கரைந்து நகரத் தொடங்குகிறது. பெரும்பாலும் கார்பனேட்டோடு கூட்டுச் சேர்ந்து பயணிக்கும். வழியில் பாஸ்பேட் எதிர்ப்படாவிட்டால் அது வெகுதூரம் போய்விடலாம், அல்லது சிலிக்காவோடு சேர்ந்து யுரேனோபேனாகவோ, வெறும் ஹைட்ராக்சைடு வகைக் கனிமமான ஷோபைட்டாகவோ படியலாம். பாஸ்பேட் எதிர்ப்பட்டால் பயணம் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். அமிலத்தன்மை லேசாக இருக்கும் நீரிலிருந்து நடுநிலைக்கு அருகில் இருக்கும் நீர் வரை, யுரேனைல் பாஸ்பேட்டுகளின் கரைதிறன் அவ்வளவு குறைவு.

பாஸ்பேட் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் அபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் கனிமத்திலிருந்து. கிரானைட்டில் சிறு துகள்களாக இது சாதாரணமாகவே இருக்கும். ஆனால் நடுநிலை நீரில் அபடைட் எளிதில் கரையாது, அமிலம் வேண்டும். அந்த அமிலத்தையும் அதே மழைநீர்தான் உண்டாக்குகிறது. யுரேனியத் தாதோடு பல இடங்களில் பைரைட் (இரும்புச் சல்பைடு) போன்ற சல்பைடுகள் இருக்கும். ஆக்சிஜன் பட்டதும் பைரைட் சிதைந்து கந்தக அமிலத்தைத் தரும். அந்த அமிலம் அபடைட்டைக் கரைத்துப் பாஸ்பேட்டையும் கால்சியத்தையும் ஒருசேர விடுவிக்கும். தாமிரமும் கலந்த சல்பைடான சால்கோபைரைட் இருந்தால் தாமிரமும் வெளிவரும். அதாவது, யுரேனியத்தைக் கிளப்பிவிடும் அதே நிகழ்வு, அதைப் பிடித்து நிறுத்தும் பொருள்களையும் பக்கத்திலேயே தயார்செய்துவிடுகிறது. அமிலம் மெல்ல நீர்த்து நடுநிலையை நோக்கி வரும் இடத்தில் தகடுகள் வளரத் தொடங்கும். இந்தக் கனிமங்கள் தாதுவின் மேற்பகுதியில், ஆக்சிஜனேற்றம் நடக்கும் மண்டலத்தில், பிளவுகளின் சுவர்களில் காணப்படுவது இதனால்தான்.

எந்தக் கனிமம் வரும் என்பதைச் சுற்றியுள்ள பாறை தீர்மானிக்கிறது. ஆட்டுனைட்டின் பெயருக்குக் காரணமான பிரான்சின் ஆட்டுன் வட்டாரத்திலும், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்போகேன் மலையிலும் கிரானைட் பாறை, அங்கே ஆட்டுனைட். ஸ்போகேன் மலையின் டேபிரேக் சுரங்கத்தில் ஆட்டுனைட்டே யுரேனியத் தாதுவாக வெட்டி எடுக்கப்பட்டது. விசிறிபோல விரிந்த அதன் படிகக் கொத்துகள் உலக அருங்காட்சியகங்களில் இன்றும் முதல் வரிசையில் இருக்கின்றன. தாமிரம் நிறைந்த இங்கிலாந்தின் கார்ன்வாலிலும் காங்கோவின் கட்டாங்காவிலும் டார்பெர்னைட்டும் மெட்டாடார்பெர்னைட்டும். சலேயைட் முதன்முதலில் விவரிக்கப்பட்டது கட்டாங்காவின் ஷின்கோலோப்வே சுரங்கத்திலிருந்து.

ஆஸ்திரேலியாவின் வடக்கு ஆட்புலத்தில் கூங்காரா என்ற யுரேனியப் படிவு உண்டு. குளோரைட் என்ற தகட்டுக் கனிமம் மிகுந்த, மக்னீசியம் நிறைந்த பாறை என்பதால் அங்கே வருவது சலேயைட். பத்து லட்சக்கணக்கான ஆண்டுகளாக நிலத்தடி நீர் யுரேனியத்தைக் கீழ்நோக்கி இழுத்துச் சென்று ஒரு விசிறி வடிவத்தில் பரப்பியிருக்கிறது. அந்த நீரை ஆய்ந்தவர்கள் ஒரு புதிரைக் கண்டார்கள். நீரில் இருக்கும் யுரேனியத்தின் அளவு சலேயைட் படியப் போதாது, கணக்குப்படி சலேயைட் கரைய வேண்டும். ஆனால் சலேயைட் அங்கே கண்ணெதிரே இருக்கிறது. மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது விடை தெரிந்தது. சலேயைட் அபடைட் துகள்களின் மேற்பரப்பிலேயே உட்கார்ந்திருந்தது. அபடைட் கரையும்போது அதன் தோலை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலத்தில் மட்டும் பாஸ்பேட் அடர்த்தி மிகும். அந்தப் படலத்துக்குள் சலேயைட்டுக்குத் தேவையான செறிவு எட்டிவிடுகிறது, சற்றுத் தள்ளிப் போனால் எட்டுவதில்லை. கிணற்றிலிருந்து எடுத்த நீரின் சராசரிக் கணக்கு இதைக் காட்டவே காட்டாது. கரைதிறன் அட்டவணையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு இடத்தில் எந்தக் கனிமம் இருக்கும், இருக்காது என்று சொல்பவர்களிடம் நான் இந்த உதாரணத்தைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

எல்லா யுரேனியம் பாஸ்பேட்டும் இந்தச் சதுரத் தாள் வகையல்ல. பாஸ்புரானிலைட் குழுவில் மூன்று யுரேனியத்துக்கு இரண்டு பாஸ்பேட், தாளின் அமைப்பே வேறு. ஈயம் கொண்ட டுமான்டைட் அந்தப் பக்கத்தைச் சேர்ந்தது. முழுவதும் விலகி நிற்பது நிங்யோயைட். ஜப்பானின் நிங்யோ-தோகே சுரங்கத்திலிருந்து 1959இல் விவரிக்கப்பட்ட இதில் யுரேனியம் நான்கு இணைதிறன் நிலையிலேயே இருக்கிறது, அதனால் யுரேனைல் தண்டே கிடையாது. ஆக்சிஜன் இல்லாத, பாஸ்பேட் நிறைந்த படிவுகளில் உருவாவது. அப்புறம், கடலடிப் பாஸ்பேட் பாறைகளில் இருக்கும் யுரேனியத்தையும் இவற்றோடு குழப்ப வேண்டாம். அங்கே யுரேனியம் சிறிதளவில் அபடைட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது, தனிக் கனிமமாக அல்ல.

கதிரியக்க வரலாற்றில் இந்தக் குடும்பத்துக்கு ஒரு பெரிய இடம் உண்டு. யுரேனினைட்டின் கறுப்பு வகையான பிட்ச்பிளெண்டின் கதையே பலருக்கும் தெரியும், டார்பெர்னைட்டின் பங்கு தெரிவதில்லை. 1898 ஏப்ரலில் மேரி கியூரி வெளியிட்ட குறிப்பில் இரண்டு கனிமங்கள் தூய யுரேனியத்தைவிட அதிகக் கதிர்வீச்சுத் தருவதைச் சுட்டிக்காட்டினார். ஒன்று பிட்ச்பிளெண்ட், மற்றது சால்கோலைட், அதாவது இன்று நாம் டார்பெர்னைட் என்று சொல்வது. எடையில் பாதிதான் யுரேனியம், ஆனால் கதிர்வீச்சு தூய யுரேனியத்தைவிட இரண்டு மடங்கு! அளவீட்டில் பிழை இருக்குமோ என்ற ஐயத்தைத் தீர்க்க அவர் செய்ததுதான் அருமையானது. தூய வேதிப்பொருள்களிலிருந்து அதே சால்கோலைட்டை ஆய்வகத்தில் தயாரித்தார். செயற்கைச் சால்கோலைட்டின் கதிர்வீச்சு மற்ற யுரேனிய உப்புகளைப் போலவே சாதாரணமாக இருந்தது. ஆகவே இயற்கைக் கனிமத்தில் வேறு ஏதோ தனிமம் இருக்க வேண்டும். அதே ஆண்டு ஜூலையில் பொலோனியம், டிசம்பரில் ரேடியம். பிட்ச்பிளெண்ட் பல பொருள்களின் கலவை, அதைச் செயற்கையாகச் செய்து ஒப்பிட முடியாது. குறிப்பிட்ட கூட்டமைவு கொண்ட, எளிதில் தயாரிக்கக்கூடிய டார்பெர்னைட்டால்தான் இந்தச் சோதனை சாத்தியமானது.

இரண்டு மடங்கு என்ற எண்ணை இன்று நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். புதிதாகப் பிரித்தெடுத்த யுரேனியத்தில் ஆல்பா துகள்களை ஏறக்குறைய முழுவதும் யுரேனியம்-238, யுரேனியம்-234 இரண்டும்தான் விடும். பழைய கனிமத்தில் யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து உருவாகும் முழுத் தொடரும் நிறைந்திருக்கும், யுரேனியம்-238இலிருந்து ஈயம்-206 வரை எட்டு ஆல்பா. எட்டை இரண்டால் வகுத்தால் நான்கு மடங்கு. யுரேனியம் எடையில் பாதி என்பதால் நான்கில் பாதி, இரண்டு. ஆல்பாக்களின் ஆற்றல் வேறுபாடு, தொடரில் உருவாகும் ரேடான் வாயுவின் கசிவு போன்றவற்றை விட்டுவிட்ட தோராயக் கணக்குதான், ஆனாலும் எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள். தொடரில் தோரியம்-230இன் அரை ஆயுள் சுமார் 75,000 ஆண்டு என்பதால், இந்த அளவு நிறைந்திருக்க அந்தக் கனிமம் சில லட்சம் ஆண்டுகளாவது அசையாமல் இருந்திருக்க வேண்டும்.

இன்று இந்தக் கனிமங்கள் மீதான ஆர்வம் பெரும்பாலும் நிலத்தடி நீர் மாசு தொடர்பானது. யுரேனியம் கலந்த நீரில் பாஸ்பேட்டைச் செலுத்தினால் ஆட்டுனைட்டாகப் படிந்து நின்றுவிடும் என்பது எண்ணம். அமெரிக்காவின் ஹான்போர்ட் அணுத்தளத்தில் கொலம்பியா ஆற்றை ஒட்டிய பகுதியில் இதைச் சோதித்தார்கள். சாதாரணப் பாஸ்பேட்டைச் செலுத்தினால் கிணற்று வாயிலேயே எல்லாம் படிந்து அடைத்துக்கொள்ளும். அதனால் மெல்ல உடைந்து பாஸ்பேட் தரும் பாலிபாஸ்பேட்டைப் பயன்படுத்தினார்கள். நுண்ணுயிர்களை வைத்தும் இதைச் செய்யலாம். கரிமப் பாஸ்பேட்டை நொதியால் உடைக்கும் சிட்ரோபாக்டர் என்ற பாக்டீரிய இனம் ஒன்று தன் உடல் மேலேயே ஹைட்ரஜன் யுரேனைல் பாஸ்பேட் படிகங்களைச் சேர்த்துக்கொள்வதை 1992இல் காட்டினார்கள். இந்த வழி எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். நீரில் பைகார்பனேட் மிகுந்து காரத்தன்மை ஏறினால், கார்பனேட் யுரேனைலைப் பாஸ்பேட்டிடமிருந்து பிடுங்கிக் கரைத்துவிடும். இயற்கையில் ஆட்டுனைட் லட்சக்கணக்கான ஆண்டுகள் நிலைத்த இடங்களைப் பார்த்து, நீரின் தன்மை ஒத்திருக்கிறதா என்று தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும்.

கடைசியாக, கையில் மாதிரி வைத்திருப்பவர்களுக்கு. இவற்றில் உண்மையான ஆபத்து வெளிக் கதிர்வீச்சைவிட உதிரும் தூளும் ரேடான் வாயுவும்தான். செதில் உதிரும் கனிமம் என்பதால் தூரிகையால் தட்டுவது, ஊதுவது, அறுப்பது, தேய்ப்பது எதுவும் கூடாது. தொட்டால் கை கழுவுங்கள், படுக்கையறையிலோ சாப்பிடும் இடத்திலோ வைக்காதீர்கள், குழந்தைகளுக்கு எட்டவிடாதீர்கள். நீர் வற்றாமலிருக்க மூடிய பெட்டியில் வைப்பதே நல்லது. ஆனால் மூடிய பெட்டிக்குள் ரேடான் சேரும், அதனால் பெட்டியைக் காற்றோட்டமான இடத்தில், முகத்தைத் தள்ளி வைத்துத் திறங்கள். படிகத்தின் மேல் அரக்குப் பூசி நீரைத் தக்கவைக்கும் பழைய அருங்காட்சியக வழக்கமும் உண்டு. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன், பூச்சு போட்ட படிகத்தின் ஒளிர்வையும் மேற்பரப்பையும் பிறகு நம்பகமாக ஆராய முடியாது.